கொடைப் பந்தலின் குடமும் மிக்ஸரும்

தென்காசி நகரை ஒட்டியுள்ள குத்துக்கல்வலசையிலும் அதன் சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் அம்மன் கோயில் கொடைக்கு நாள் குறித்து, தலைக்கட்டு வரி எவ்வளவு என்று தீர்மானிப்பதற்காக ஊர்க்கூட்டம் கூடுகிறபோது, வில்லுக்கு யாரை அழைப்பது, மேளத்திற்கு யாரைப் பேசுவது, மைக் செட் யாருடையது என்ற மூன்று கேள்விகளும் தவறாமல் எழும். முதல் இரண்டுக்கும் விடை சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு விடை சொல்லும் உரிமையோ இப்பொழுது இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘அவரிடம் டிஜிட்டல் மிக்ஸர் இருக்கிறதா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், எந்த மிக்ஸர், எவருடைய குரலுக்காக, எந்தக் கருவியின் நாதத்துக்காக என்று அதற்கு மேலும் ஒரு படி சென்று கேட்க வேண்டுமானால், இந்தச் சீமையின் மேடைகளுக்கு ஒலியைப் பெருக்கும் யந்திரம் எவ்வாறு வந்தது, வரும்போது எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்ற சரித்திரத்தைச் சிறிதேனும் அறிந்திருப்பது அவசியம்.

யந்திரத்தின் துணையில்லாமலே ஒரு சபை முழுவதற்கும் பாட்டைக் கொண்டுசெல்லும் வித்தையில் இந்தச் சீமைக்கு நெடிய பழக்கம் உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, ஏட்டில் வைத்துப் படிப்பதற்காக மட்டும் எழுந்ததன்று. ஆடியும் பாடியும் காட்டுவதற்காக எழுந்தது. அதற்குப் பரிசிலாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. அந்நாளில் பாடியவர்களுக்குக் கல்மண்டபமே துணை. கருங்கற் சுவரிலும் தூணிலும் பட்டுத் திரும்பிய நாதந்தான் பின்னால் நின்றவர்களின் செவிக்கும் எட்டியது. திறந்தவெளிப் பந்தலில் அந்தச் சௌகரியமும் கிடையாது. தொண்டை ஒன்றையே நம்பிப் பாட வேண்டும்.

தொண்டையை நம்பிப் பாடியவர்களைப் பற்றிப் பேசும்போது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை நினையாதிருக்க இயலாது. தென்காசிக்கு மேற்கே, மலைக் கணவாயின் வாயிலில் இருக்கும் அந்த ஊரில் 1906-ஆம் ஆண்டு பிறந்து, இளம் பிராயத்திலேயே நாடக மேடை ஏறி, பின்னர்க் கே. பி. சுந்தராம்பாளோடு இணைந்து நடித்துத் தமிழ்நாடெங்கும் பெரும் புகழ் பெற்று, 1933 டிசம்பரில் தம் 27-ஆம் வயதிலேயே மறைந்த அப்பெருங் கலைஞரின் வாழ்நாள், தமிழ் மேடையில் மைக் பரவுவதற்கு முந்திய காலத்தோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஐந்து கட்டைச் சுருதியில் அவர் பாடுவார் என்று நாடக ரஸிகர்கள் வியந்து பேசுவது வழக்கம். அந்த உச்சஸ்தாயியை வெறும் சாமர்த்தியம் என்று எண்ணிவிடலாகாது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் மிக எளிதில் பற்றுகிறது. தகரக் கூரையிட்ட கொட்டகையில், ஆயிரம் பேருடைய பேச்சையும் இருமலையும் குழந்தைகளின் அழுகையையும் ஊடுருவிச் சென்று கடைசிப் பெஞ்சுக்காரனைத் தொட வேண்டிய சாரீரத்துக்கு அந்த உயரத்தில் சுடர் இருந்தே ஆக வேண்டும். ஆகவே, எந்தக் குரல் மேடைக்கு உரியது, எந்தக் குரல் வீட்டுத் திண்ணைக்கு உரியது என்பதைக் கொட்டகையே தீர்மானித்தது. குற்றாலத்தில் தம் இல்லத்தில் அமர்ந்து ரஸிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனுடைய பாடல்களை நண்பர்களுக்குச் சொல்லிக் காட்டிய குரல், கூடத்துக்கு ஏற்ற குரல். அதில் இருந்த குழைவும் நிறுத்தமும் கொட்டகைக்குள் போயிருந்தால் பாதி வழியிலேயே கரைந்திருக்கும். மெல்லிய குரலுடையவர்கள் எத்தனை பேர் கொட்டகை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பதை நினைக்கையில் மனம் வருந்தத்தான் செய்கிறது.

இந்த நிலையை மாற்றிய யந்திரம் பிறந்தது வேறு தேசத்தில். 1915 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் தங்கள் மாக்னவாக்ஸ் ஒலிபெருக்கியைப் பெருங்கூட்டத்தின் முன் முழக்கிக் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1925-இல், ரைஸ், கெல்லாக் என்ற இருவர் கூம்புக் காகிதத்தைக் கம்பிச் சுருளால் அசைத்து ஒலி எழுப்பும் முறையை வெளியிட்டனர். இன்று நாம் ஸ்பீக்கர் என்று அழைப்பது பெரும்பாலும் அதன் சந்ததியே. சென்னைச் சபைகளிலும் அரசியல் கூட்டங்களிலும் 1930-களில் மைக் இடம் பிடித்தது. நம் சீமையின் கிராமங்களுக்கு அது வந்து நிலைக்க, அதை ஓட்டும் மின்சாரமும் வர வேண்டியிருந்தது. பாபநாசத்தில் தாமிரபரணியின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் வேலை காமராஜர் முதலமைச்சராக இருந்த ஆண்டுகளில் வேகம் பெற்றது. கம்பி வந்து சேராத ஊர்களில் பாட்டரியைக் கொண்டே காரியத்தை நடத்தினார்கள்.

அவ்வாறு வந்த மைக் செட்டின் அங்கங்கள் மிகச் சில. மேடையில் ஒரு மைக், அல்லது இரண்டு. நாலைந்து திருகுகள் கொண்ட ஓர் ஆம்ப்ளிஃபயர். வேப்பமரத்தின் உச்சியிலோ பனையின் தலையிலோ கயிற்றால் இழுத்துக் கட்டிய கூம்புக் குழாய். 1940-இல் தொடங்கப்பெற்ற அகுஜா நிறுவனத்தின் பெயர், ஆம்ப்ளிஃபயரின் முகப்பிலிருந்து ஊரார் வாய்க்கு வந்து, எழுத்தறியாத பாட்டிமார்க்குங்கூடப் பழக்கமாயிற்று. அதிகாலையில் விநாயகர் பாட்டு கேட்டால் அடுத்த ஊரில் விசேஷம் என்று அர்த்தம். ஒரு வீட்டின் மகிழ்ச்சியை நான்கு ஊருக்கு அறிவிக்கும் அந்த வல்லமையை இழிவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு ராஜகம்பீரம் கொடுத்தது அந்தக் குழாய். ஆனால் அது நம்மிடமிருந்து ஒன்றைப் பறிக்கவும் செய்தது.

கொடையின் இதயமாக விளங்கும் வில்லுப்பாட்டு மேடையைச் சற்று அருகில் சென்று பார்த்தால்தான் அந்த இழப்பு விளங்கும். நடுவில் புலவர், அவருக்கு முன்னே மணிகள் கட்டிய வில், வில்லின் தண்டு மண்குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. புலவரின் கைகளில் வீசுகோல். பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. ‘ஆமா’ போட்டுக் கதையை நகர்த்தவும் பின்பாட்டுப் பாடவும் இரண்டொருவர். குடத்துக்காரர் பத்தி என்னும் தட்டுமட்டையைக் கொண்டு குடத்தின் வாயில் அடிக்கும்போது, உள்ளே அடைபட்ட காற்று அசைந்து, ‘கும்’ என்று ஒரு தாழ்ந்த நாதம் எழும்புகிறது. அந்த நாதம் காதில் கேட்பதற்கு முன்னமே நெஞ்சில் படும். கதையில் தெய்வம் பிறக்கிற இடத்திலும், வேட்டைக்குப் புறப்படுகிற இடத்திலும், சாமியாடி முதல் அடி எடுத்து வைக்கிற இடத்திலும் குடத்தின் காலப்பிரமாணமே சபையை ஏந்தி நிற்கிறது. இதை நன்கு அறிந்திருந்தவர்கள்தாம் வில்லை நகர மேடைக்குக் கொண்டுசென்ற கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், அவருக்குத் துணை நின்று, பின்னர்த் தாமே அக்கலையின் முகமாக விளங்கிய திருநெல்வேலிச் சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகமும். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் 94 வயது முதியவராக அவர் மறைந்தார்.

கூம்புக் குழாயின் இயல்போ, வினாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை வெளியே விடாமல் விழுங்கிவிடுவது. புலவருக்கு முன் நட்ட ஒற்றை மைக்கில் குடத்தின் நாதம் நுழைந்தாலும், மரத்தின் உச்சியிலிருந்து அது வெளிவந்ததில்லை. வில்மணியின் கிணுகிணுப்பும் ஜால்ராவின் உலோகமும் புலவரின் குரலில் மேலேயுள்ள கூர்மையும் மட்டுமே ஊருக்குப் போயின. பந்தலின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் முழு வில்லுப்பாட்டைக் கேட்டார்கள். கடைத் தெருவில் நின்றவர்கள் அதன் மேல்பாதியை மட்டும் கேட்டார்கள். குழாயின் வழியாகவே வில்லைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் குடம் என்பது கண்ணுக்குத் தெரியும் கருவி, காதுக்கு எட்டாத கருவி. புலவர்களும் தங்களை அறியாமலே குழாய்க்கு ஏற்பச் சுருதியை உயர்த்திப் பாடத் தலைப்பட்டிருக்கக் கூடும் என்பது என் எண்ணம். கொட்டகை கிட்டப்பாவிடம் கேட்டதைக் குழாய் இவர்களிடம் கேட்டது.

பெட்டி வடிவான ஸ்பீக்கர்கள், வட்டாரத்து வழக்கில் பாக்ஸ், பிற்காலத்தில் மெல்லிசைக் குழுக்களோடு வந்தன. திரைப்படப் பாட்டை அப்படியே மேடையில் பாடிக் காட்ட வேண்டிய அக்குழுக்களுக்கு டிரம், கித்தார், கீபோர்டு, தபலா, பாடகர்கள் என்று இருபதுக்கு மேற்பட்ட ஒலிகளை ஒரே இடத்தில் சேர்க்கும் தேவை இருந்தது. மேல்நாட்டில் இத்தேவை முன்னமே எழுந்து, 1973-இல் சவுண்ட்கிராஃப்ட் நிறுவனத்தார் பயணப் பெட்டிக்குள்ளேயே பொருத்திய மிக்ஸரையும், 1974-இல் யமஹா நிறுவனத்தார் பி.எம். 1000 என்ற மிக்ஸர் பலகையையும் செய்தார்கள். அந்த மரபில் வந்த பலகைகள் நம் ஊர்களையும் அடைந்தன. மேடையிலிருந்து பலகை வரைக்கும் விரலைவிடப் பருத்த மல்டி கேபிளை இரண்டு ஆட்கள் தோளில் சுமந்து இழுப்பார்கள். எதிரொலிக்கு ஒரு யந்திரம், சத்தத்தை அடக்குவதற்கு ஒரு யந்திரம், மைக் கத்துவதைத் தடுக்க 31 தண்டுகள் கொண்ட ஈக்வலைசர் ஒன்று என்று பக்கத்தில் ஓர் அலமாரியே நிற்கும். சத்தத்துக்கு உடம்பு வந்தது. தாழ்ந்த நாதம் திரும்பிற்று. எனினும், இந்தச் சாதனங்கள் யாவும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு என்றே வைக்கப்பட்டன. நள்ளிரவில் வில்லுப்பாட்டு தொடங்கும்போது பலகையை மூடிவிட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு மைக்கைச் செருகிக் கொடுப்பதே வழக்கமாயிற்று. சினிமாப் பாட்டுக்குக் கிடைத்த மரியாதை தெய்வக் கதைக்குக் கிடைக்கவில்லை.

டிஜிட்டல் பலகையின் பிறப்பை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யமஹா 1987-இல் டி.எம்.பி. 7 என்ற சிறு பலகையையும், 1994-இல் புரோமிக்ஸ் 01 என்பதையும் வெளியிட்டது. 2005-இல் எம்7 சி.எல்., 2006-இல் எல்.எஸ். 9 என்பவை வந்தபிறகு மேடைகளில் டிஜிட்டல் மிக்ஸர் சகஜமாகத் தலைப்பட்டது. அவற்றின் விலை, கொடைக்கு மைக் செட் கட்டுபவரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. 2009-இல் மைடாஸ் என்ற பழம் பெயர் பெற்ற ஆங்கில நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பெரிங்கர் குழுமம், 2012-இல் எக்ஸ் 32 என்ற பலகையை, முன்னவற்றைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் கொண்டுவந்ததுதான் திருப்பம். 32 மைக்குகளை ஏற்கும் அந்தப் பலகைக்குள் முன்னர் அலமாரியில் நின்ற யந்திரங்கள் அத்தனையும் அடங்கியிருந்தன. மல்டி கேபிளின் இடத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் மெல்லிய ஒற்றைக் கேபிள் வந்தது. ஆலன் அண்ட் ஹீத் கம்பெனியின் கியூ வரிசை 2013-இலும், யமஹாவின் டி.எஃப். வரிசை 2015-இலும் அதைத் தொடர்ந்தன.

இனி, குத்துக்கல்வலசையில் தொழில் செய்யும் ஒருவர் இவற்றுள் எதை வாங்க வேண்டும்? எத்தனை சேனல் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஃபேடர், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுதண்டு, ஒரே சமயத்தில் கண்முன் நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்பேன். ஃபேடர் குறைந்த பலகைகளில் சேனல்கள் இரண்டு மூன்று அடுக்குகளாக மறைந்து கிடக்கும். பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த அடுக்கு மேலே வரும். புலவரின் குரல் முதல் அடுக்கிலும் குடம் இரண்டாம் அடுக்கிலும் போய்விட்டால், இரவு 2 மணிக்குக் கண் அயர்ந்திருக்கும் ஆபரேட்டர் குடத்தை மறந்துவிடுவார். கூம்புக் குழாய் செய்த பாவத்தை விலையுயர்ந்த பலகை மறுபடியும் செய்யும். வில்லுக்கு எட்டு மைக், நையாண்டி மேளத்துக்கு அதற்குக் குறைவு. ஆகவே கொடைகளை மட்டும் நம்பியிருப்பவருக்கு 16 ஃபேடர் கொண்ட பலகையே போதும். கச்சேரிகளும் சபைக் கூடுகைகளும் பிடிப்பவர் 32 சேனலுக்குப் போகலாம். ஃபேடரே இல்லாமல் டேப்லெட்டை வைத்து இயக்கும் பெட்டிகள் மலிவானவைதாம். ஆயினும், ஆயிரம் கைபேசிகள் கூடியிருக்கும் திடலில் வைஃபை ஒரு நிமிஷம் அறுந்தால் ஆபரேட்டர் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான். டேப்லெட் இருக்கட்டும், திடலின் மறுகோடியில் நின்று கேட்டுத் திருத்துவதற்கு, பலகையும் இருக்கட்டும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவரும் சாரற்காற்று தென்காசிக் கோபுர வாயிலில் ஆளைத் தள்ளுவதை அநுபவித்தவர்கள், அதே காற்று ஒரு மைக்கின் முகத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ‘புர் புர்’ என்ற இரைச்சல் பாக்ஸைக் கிழித்துவிடும். இந்த இரைச்சல் தாழ்ந்த அதிர்வுகளிலே வாழ்கிறது. பழைய சிறு மிக்ஸர்களில் தாழ்வை வெட்டும் வசதி இருந்தால், அது ஒரே அளவில் நிற்கும் பொத்தானாகவே இருந்தது. டிஜிட்டல் பலகையிலோ ஒவ்வொரு மைக்குக்கும் வெட்டும் இடத்தைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். புலவரின் மைக்கில் 120 அதிர்வுக்குக் கீழே வெட்டி, குடத்தின் மைக்கைத் தொடாமல், பஞ்சு உறையும் துணித் தடுப்பும் போட்டு விட்டுவிடலாம். காற்று போய்விடும், குடம் நிற்கும். கதை சொல்லும்போது தணிந்தும் பாட்டில் திடீரென்று உயர்ந்தும் போகும் புலவரின் குரலைச் சமன் செய்ய ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸர் இருக்கிறது. தெரு நெடுகக் கட்டிய பாக்ஸ்களுக்கு, ஒலி 34 மீட்டரைக் கடக்கப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது என்ற கணக்கில் தாமதம் வைத்தால், சொல் இரட்டித்துக் குழம்புவதும் இல்லை. இந்த மூன்று வசதியும் இன்று எல்லா நல்ல பலகைகளிலும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துபவர்தான் குறைவு.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஏற்படும் கண நேரத் தடையில் பழைய மிக்ஸர் உடனே பேசும். டிஜிட்டல் பலகையோ கம்ப்யூட்டரைப்போல மறுபடி எழுந்து வரும் வரையில் சபை மௌனமாகக் காத்திருக்கும். சாமி வந்து ஆடிக்கொண்டிருக்கிறபோது அந்த மௌனம் விபரீதமானது. நல்ல யு.பி.எஸ். ஒன்றைப் பலகையின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். சாரல் படாத மூடியும், பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற விசாரணையும் அப்படியே.

சட்டமும் இதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்குகின்றன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல், விழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்திக் கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகின்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது. விடிய விடிய நடக்கும் வில்லுக்கு இது நெருக்கடியே. ஆனாலும் நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் ஊரில்தான் இருக்கிறார்கள். குறித்த நேரம் வரையில், பந்தலுக்குள் இருப்பவர்களை நோக்கி மட்டும் பாக்ஸைத் திருப்பி, பலகையிலுள்ள லிமிட்டரால் உச்ச அளவைக் கட்டிவைத்து, குடத்தின் நாதம் பாயில் அமர்ந்தவரின் நெஞ்சைத் தொடும் அளவோடு நிறுத்துவது இப்பொழுது முடியும். அதன்பின் மைக்கை அணைத்துவிட்டு, கிட்டப்பா காலத்தவர்போல் தொண்டையாலேயே கதையைத் தொடர்ந்தாலும் சபை எழுந்து போய்விடாது.

வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி, ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியே பதிவு செய்ய இந்தப் பலகையால் ஆகுமா என்பது. பெரும்பாலானவற்றில் ஆகும்; சிலவற்றில் யு.எஸ்.பி. டிஸ்க்கைச் செருகினாலே போதும், சிலவற்றுக்கு மடிக்கணினி ஒன்று வேண்டும். வயது முதிர்ந்த புலவர்களின் கதைகளில் பல அச்சேறாதவை. அச்சேறியவற்றிலும் குடத்தின் நடை எழுத்தில் வராது. எட்டு மைக்குகளை 5 மணி நேரம் பதிவு செய்தால் ஏறத்தாழ 21 ஜி.பி. ஆகிறது, கைவிரல் அளவுள்ள பென் டிரைவில் அடங்கிவிடும். மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, அந்த இரவின் பதிவில் ஒரு பிரதி புலவருக்கு, ஒரு பிரதி கோயிலுக்கு என்று ஊர்க் கணக்கு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.